மூன்றில் ஒரு பங்கு

சூரியனை ஆராய விரும்பும் அறிவியலாளர் பெரும்பாலும் மலையுச்சிக்குச் செல்வார். அங்கே தொலைநோக்கியை நிறுவி வானத்தைப் பார்ப்பார். ரேமண்ட் டேவிஸ் இதற்கு நேர்மாறாகச் செய்தார். அவர் ஒரு தங்கச் சுரங்கத்தின் மின்தூக்கியில் ஏறி, பூமிக்கு அடியில் 1,478 மீட்டர் ஆழத்திற்கு இறங்கினார். கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் கோபுரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று முறை அடுக்கினாலும் அந்த ஆழத்தின் அடியிலிருந்து தரைமட்டத்தை எட்டாது. வெளிச்சத்தின் சாயலே இல்லாத அவ்விடத்தில் அவர் ஒரு பெரிய இரும்புத் தொட்டியைக் கட்டினார். அதில் உலர்சலவைக் கடைகளில் துணிகளைத் தூய்மைப்படுத்தப் பயன்படும் திரவத்தை நிரப்பினார். பிறகு, சூரியனின் மையத்திலிருந்து வரும் செய்திக்காகக் காத்திருந்தார்.

செய்தி வந்தது. ஆனால், எதிர்பார்த்த அளவில் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. டேவிஸ் எங்கோ தவறு செய்திருக்கிறார் என்று பலர் எண்ணினர். அவரோ ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் எண்ணிக்கொண்டே இருந்தார்.

அவர் எண்ணியது நியூட்ரினோ என்னும் துகளை. அதன் கதை 1930-இல் தொடங்குகிறது. கதிரியக்க அணுக்கள் சில, எலக்ட்ரானை வெளியிட்டுச் சிதைகின்றன. அப்போது வெளிப்படும் ஆற்றலைக் கணக்கிட்டவர்கள் திகைத்தனர். கடைக்காரரிடம் பத்து வெள்ளி கொடுத்து ஆறு வெள்ளிக்குப் பொருள் வாங்கினால், மீதம் நான்கு வெள்ளி வரவேண்டும். ஒரு முறை மூன்று வெள்ளி, ஒரு முறை ஒரு வெள்ளி என்று வந்தால், நடுவில் யாரோ பணத்தை எடுக்கிறார் என்றுதானே பொருள்? அணுச் சிதைவிலும் அப்படித்தான் ஆற்றல் காணாமற்போனது. கண்ணுக்கும் கருவிக்கும் புலப்படாத ஒரு துகள் அந்த ஆற்றலைச் சுமந்து செல்கிறது என்று வுல்ஃப்காங் பௌலி என்னும் இயற்பியலாளர் ஊகித்தார். மின்னூட்டம் இல்லாத அத்துகளுக்கு, ‘சிறிய நடுநிலையானது’ என்று பொருள்படும் நியூட்ரினோ என்னும் பெயர் பின்னர் நிலைத்தது.

நியூட்ரினோ எதனுடனும் எளிதில் மோதாது. பூமி முழுவதையும் ஊடுருவி, மறுபக்கம் வெளியேறிவிடும். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்களில் ஏறத்தாழ 60 பில்லியன், ஒவ்வொரு நொடியும் கட்டைவிரல் நகத்தின் அளவுள்ள இடத்தைக் கடந்து செல்கின்றன. இரவிலும் அப்படியே, அப்போது அவை பூமியின் மறுபுறத்திலிருந்து தரையைத் துளைத்துக்கொண்டு மேலே வருகின்றன. இந்தப் பக்கத்தைப் படிப்பவரின் உடலையும் அவை இப்போது கடந்துகொண்டிருக்கின்றன. எதுவும் உணரப்படுவதில்லை. இப்படிப்பட்ட ஒன்றைப் பிடிக்க முயல்வதையே ஒருவர் வாழ்நாள் பணியாகக் கொள்வது வியப்புக்குரியது.

ரேமண்ட் டேவிஸ் 1914-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் வாஷிங்டன் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை அமெரிக்க அரசின் தர அளவீட்டு நிலையத்தில் ஒளிப்படக் கலைஞராகப் பணியாற்றினார். டேவிஸ் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்று பட்டம் பெற்றார். ஒரு வேதிப்பொருள் நிறுவனத்தில் சிறிது காலம் வேலை செய்தபின் மீண்டும் படிப்புக்குத் திரும்பினார். 1942-இல் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அது இரண்டாம் உலகப் போர்க்காலம். பட்டம் பெற்ற கையோடு அவர் இராணுவப் பணியில் சேர்ந்தார். யூட்டா மாநிலத்தின் பாலைவனத்தில் நடைபெற்ற வேதியியல் ஆயுதச் சோதனைகளைக் கண்காணிப்பது அவருடைய வேலை. போர் முடிந்ததும் கதிரியக்க வேதியியல் தொடர்பான வேலை ஒன்றில் ஈராண்டுகள் கழிந்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டேவிஸ் பயின்றது வேதியியல். பிற்காலத்தில் அவருக்குக் கிடைத்ததோ இயற்பியலுக்கான நோபல் பரிசு. இந்த மாற்றம் ஒரு நூலகத்தில் நிகழ்ந்தது.

1948-இல் அவர் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் உள்ள புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அணுவாற்றலை அமைதிப் பணிகளுக்குப் பயன்படுத்தும் வழிகளை ஆராய அப்போதுதான் அக்கூடம் தொடங்கப்பட்டிருந்தது. வேதியியல் பிரிவின் தலைவரைச் சந்தித்த டேவிஸ், தாம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். நூலகத்திற்குச் சென்று, விருப்பமான ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்கும்படி தலைவர் கூறினார். இப்படி ஒரு மறுமொழி கிடைக்கும் வேலை உலகில் எத்தனை பேருக்கு வாய்க்கும்? டேவிஸ் நூலகத்திற்குச் சென்றார். நியூட்ரினோவைப் பற்றி அதுவரை தெரிந்தவற்றைத் தொகுத்துரைக்கும் கட்டுரை ஒன்று அவர் கண்ணில் பட்டது. தெரிந்தவை மிகச் சில; தெரியாதவையே மிகுதி. வேதியியல் அறிந்த ஒருவருக்கும் அத்துறையில் செய்வதற்கு வேலை இருந்தது. அன்று எடுத்த முடிவை அவர் பின்னர் மாற்றிக்கொள்ளவே இல்லை.

நியூட்ரினோவைப் பிடிக்க ஒரு வழியை இத்தாலியில் பிறந்த புரூனோ பொன்டெகொர்வோ என்னும் இயற்பியலாளர் 1946-இல் முன்மொழிந்திருந்தார். இயற்கையில் கிடைக்கும் குளோரினில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, குளோரின்-37 என்னும் வகையைச் சேர்ந்தது. ஒரு நியூட்ரினோ எப்போதாவது அந்த அணுவின் கருவில் மோதினால், அது ஆர்கான்-37 என்னும் அணுவாக மாறிவிடும். ஆர்கான் ஒரு வளிமம். அது வேறு எந்தப் பொருளோடும் எளிதில் சேராது. ஆகவே, குளோரின் நிறைந்த திரவத்தைப் பெரிய தொட்டியில் வைத்துவிட்டுச் சில வாரம் கழித்து அதில் பிறந்த ஆர்கானை வெளியே எடுத்து எண்ணினால் போதும். எத்தனை ஆர்கான் அணுக்களோ அத்தனை நியூட்ரினோக்கள். சொல்வதற்கு எளிது. டன் கணக்கான திரவத்திலிருந்து ஒரு சில அணுக்களைப் பிரித்தெடுப்பதுதான் கடினம். அங்கேதான் வேதியியல் அறிந்தவரின் கைத்திறன் தேவைப்பட்டது.

முதலில் டேவிஸ் அணு உலைகளுக்கு அருகில் தொட்டிகளை வைத்துப் பார்த்தார். புரூக்ஹேவனில் ஏறத்தாழ 3,800 லிட்டர் திரவம். பிறகு தெற்குக் கரோலினாவின் சவன்னா ஆற்று உலைக்கு அருகில் அதைவிடப் பெரிய தொட்டி. இரண்டிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. அதே சவன்னா ஆற்று உலையில் 1956-இல் ஃபிரெட்ரிக் ரெய்ன்ஸ், கிளைட் கோவன் ஆகிய இருவரும் வேறொரு முறையில் அத்துகள் இருப்பதை மெய்ப்பித்துவிட்டனர். டேவிஸின் தொட்டி வெறுமையாக இருந்ததற்கு அவருடைய கைத்திறன் காரணமன்று. அணு உலை வெளியிடுவது எதிர்நியூட்ரினோ. குளோரினோ நியூட்ரினோவை மட்டுமே ஏற்கும். இவ்விரண்டும் வெவ்வேறானவை என்பது அக்காலத்தில் உறுதிப்படவில்லை. டேவிஸின் வெறும் தொட்டியே அதற்கு ஒரு சான்றாக அமைந்தது.

அந்நாளில் டேவிஸ் எழுதிய கட்டுரை ஒன்றில், சூரிய நியூட்ரினோக்களைப் பற்றியும் ஒரு முடிவைக் குறிப்பிட்டிருந்தார். தம் கருவிக்கு எட்டிய வரையில் அவற்றின் எண்ணிக்கை இந்த அளவைத் தாண்டவில்லை என்பதே அது. அந்த அளவோ மிகப் பெரியது. கட்டுரையை மதிப்பிட்டவர் அதைக் கேலி செய்தார். மலையுச்சியில் நின்று நிலவை நோக்கிக் கையை நீட்டிய ஒருவர், நிலவு மலையுச்சியிலிருந்து எட்டடிக்கு அப்பால் இருக்கிறது என்று ஆய்வுக் கட்டுரை எழுதலாமா என்பது அவருடைய கேள்வி. அந்தக் கேலியைப் பின்னாளில் டேவிஸே பிறருக்கு எடுத்துச் சொல்வதுண்டு.

கை எட்டவில்லை என்றால், கையை நீளமாக்க வேண்டும். எவ்வளவு நீளமாக்குவது என்பதைக் கணக்கிட்டுச் சொன்னவர் ஜான் பாகால். அவர் டேவிஸைவிட இருபது வயது இளையவர். தாளிலும் எழுதுகோலிலும் வேலை செய்யும் கோட்பாட்டு இயற்பியலாளர். சூரியனின் மையத்தில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாகின்றன. அதனால்தான் சூரியன் ஒளிர்கிறது என்று அறிவியலாளர் நம்பினர். ஆனால், அதை நேரில் கண்டவர் எவரும் இல்லை. மையத்தில் பிறக்கும் ஒளி, சூரியனின் அடர்த்தியான உடலில் முட்டி மோதி வெளியே வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. நியூட்ரினோவோ இரண்டே நொடிகளில் வெளியேறி, எட்டு நிமிடங்களில் பூமியை அடைகிறது. நியூட்ரினோவைப் பிடித்தால், சூரியனின் மையத்தில் சற்று முன்பு என்ன நிகழ்ந்தது என்பதை அறியலாம்.

1963-இல் பாகால் ஒரு புதிய கணக்கைச் செய்தார். சூரிய நியூட்ரினோக்களைக் குளோரின் பிடிக்கும் வாய்ப்பு, முன்பு எண்ணியதைவிட ஏறத்தாழ இருபது மடங்கு அதிகம் என்று அதில் தெரியவந்தது. அதுவரை கனவாக இருந்த சோதனை, செய்யக்கூடிய சோதனையாக மாறியது. 1964-இல் இருவரும் தனித்தனியே எழுதிய கட்டுரைகள் ஒரே இதழில் அடுத்தடுத்து வெளிவந்தன. ஒன்று கணக்கு, மற்றொன்று தொட்டி. இருவரும் வாழ்நாள் நண்பர்களாயினர்.

தொட்டியை ஏன் பூமிக்கடியில் வைக்க வேண்டும்? விண்வெளியிலிருந்து அண்டக் கதிர்கள் இடைவிடாமல் பூமியின்மீது பொழிகின்றன. அவையும் குளோரினை ஆர்கானாக மாற்றக்கூடியவை. தரையில் தொட்டியை வைத்தால், எது சூரியனின் கைவேலை, எது அண்டக் கதிரின் கைவேலை என்று பிரித்தறிய இயலாது. ஒன்றரைக் கிலோமீட்டர் பாறை, அண்டக் கதிர்களைத் தடுத்துவிடும், நியூட்ரினோவைத் தடுக்காது. இதனால்தான் அக்காலத்தில் நியூட்ரினோவைத் தேடியவர்கள் தங்கச் சுரங்கங்களை நாடினர். தென்னாப்பிரிக்காவின் ஒரு தங்கச் சுரங்கத்திலும், இந்தியாவின் கோலார் தங்கவயலிலும், காற்று மண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோக்கள் 1965-இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டன. கோலார் சுரங்கங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களுள் தமிழர் பலர். தங்கத்திற்காக அவர்கள் தோண்டிய ஆழமே அறிவியலுக்கும் உதவியது.

டேவிஸ் தேர்ந்தெடுத்தது தெற்கு டக்கோட்டா மாநிலத்தின் லீட் என்னும் ஊரில் இருந்த ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கம். 1965-இல் சுரங்கத் தொழிலாளர்கள் அங்கே ஒரு பெரிய அறையைக் குடையத் தொடங்கினர். ஏறத்தாழ 6 மீட்டர் விட்டமும் 15 மீட்டர் நீளமும் உள்ள தொட்டி அதனுள் கட்டப்பட்டது. பெர்குளோரோஎத்திலீன் என்னும் உலர்சலவைத் திரவம் பத்து இரயில் தொட்டி வண்டிகளில் வந்து சேர்ந்தது. மொத்தம் 380,000 லிட்டர். எடை 615 டன். விலைமதிப்புள்ள அரிய பொருள் ஏதுமில்லை. சலவைக் கடைக்காரர் வாங்கும் அதே திரவம்தான். சோதனைக்கான மொத்தச் செலவு ஏறத்தாழ 600,000 அமெரிக்க வெள்ளி. பெரிய இயற்பியல் சோதனைகளோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகையே.

1967-இல் சோதனை ஓடத் தொடங்கியது. அதன் நடைமுறையைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும். ஏனென்றால், பின்னர் எழுந்த ஐயங்கள் எல்லாம் இந்த நடைமுறையைப் பற்றியவையே.

தொட்டி ஏறத்தாழ இரண்டு மாதம் மூடிவைக்கப்படும். அந்தக் காலத்தில் அதனுள் ஒரு சில ஆர்கான்-37 அணுக்கள் உருவாகியிருக்கும். பிறகு, டேவிஸ் தொட்டிக்குள் ஹீலியம் வளிமத்தைக் குமிழ்களாகச் செலுத்துவார். குமிழ்கள் திரவத்தின் ஊடே செல்லும்போது ஆர்கானைத் தம்முடன் சேர்த்துக்கொண்டு மேலே வரும். அந்தக் கலவை, திரவ நைட்ரஜனால் கடுமையாகக் குளிரூட்டப்பட்ட கரியின் வழியாகச் செல்லும். ஆர்கான் கரியில் ஒட்டிக்கொள்ளும்; ஹீலியம் நழுவிப் போய்விடும். பின்னர்க் கரியைச் சூடாக்கினால் ஆர்கான் வெளிவரும். அதைத் தூய்மைப்படுத்தி, விரலளவுகூட இல்லாத ஒரு சிறிய குழாய்க் கருவிக்குள் அடைப்பார். ஆர்கான்-37 கதிரியக்கம் உடையது. 35 நாள்களில் அதன் அணுக்களில் பாதி மீண்டும் குளோரினாக மாறிவிடும். அவ்வாறு மாறும் ஒவ்வோர் அணுவும் ஒரு சிறு மின்துடிப்பைத் தரும். அந்தத் துடிப்புகளை மாதக்கணக்கில் எண்ண வேண்டும்.

தொட்டிக்குள் இருந்த திரவத்தின் எடை 615 டன். அதிலிருந்து எடுக்க வேண்டியவை இருபதுக்கும் குறைவான அணுக்கள். கடற்கரை மணலில் தொலைந்த ஒரு குறிப்பிட்ட மணலைத் தேடுவதுகூட இதைவிட எளிது.

பாகாலின் கணக்குப்படி, தொட்டியில் நாள் ஒன்றுக்கு ஒன்றரை ஆர்கான் அணு உருவாக வேண்டும். 1968-இல் டேவிஸ் தம் முதல் முடிவுகளை வெளியிட்டார். கணக்குச் சொன்ன அளவில் பாதியைக்கூட அது எட்டவில்லை. அளவீடு துல்லியமடையத் துல்லியமடைய, எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கில் வந்து நின்றது. இரண்டு நாளுக்கு ஓர் அணு.

மீதி மூன்றில் இரண்டு பங்கு எங்கே போயிற்று? இதற்கு மூன்று விடைகள் இருக்க முடியும். டேவிஸின் சோதனை தவறாக இருக்கலாம். சூரியனைப் பற்றிய பாகாலின் கணக்கு தவறாக இருக்கலாம். அல்லது நியூட்ரினோவைப் பற்றி உலகம் அறிந்திருந்ததே தவறாக இருக்கலாம். மூன்றாவது விடையை அன்று மிகச் சிலரே கருதிப் பார்த்தனர். முதல் விடைதான் பலருக்கும் வசதியாக இருந்தது. 615 டன் திரவத்தில் பத்துப் பதினைந்து அணுக்களைத் தேடும் ஒருவர், சிலவற்றைத் தவற விட்டிருப்பார் என்று எண்ணுவது இயல்புதானே? அவர் இயற்பியலாளரும் அல்லர், வேதியியலாளர்.

பாகால் மனம் தளர்ந்தார். அவ்வாண்டு கலிஃபோர்னியாவில் டேவிஸின் முடிவுகள் பேசப்பட்ட கூட்டம் ஒன்றுக்குப் பிறகு, புகழ்பெற்ற இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் அவரை நடைப்பயிற்சிக்கு அழைத்துச் சென்றார். கணக்கில் பிழை இருப்பதாக எவரும் காட்டவில்லையே, பின் ஏன் வருந்த வேண்டும், ஒருவேளை முக்கியமான ஒன்று கண்டறியப்பட்டிருக்கலாம் என்று அவர் தேற்றினார். இதைப் பாகாலே பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார்.

டேவிஸை எவரும் தேற்ற வேண்டியிருக்கவில்லை. அவர் அமைதியானவர், எளிமையாகப் பேசுபவர். விவாதத்தில் வெல்வதைவிடக் கருவியைச் சோதிப்பதே அவருக்குப் பிடித்திருந்தது. தம்மை ஐயுற்றவர்களிடம் அவர் சினம் கொள்ளவில்லை. அவர்கள் எழுப்பிய ஒவ்வோர் ஐயத்தையும் ஒரு புதிய சோதனையாக மாற்றினார். ஆர்கான் முழுவதும் வெளியே வருகிறதா என்று கேட்டார்கள். அவர் அளந்தெடுத்த ஆர்கானைத் தொட்டிக்குள் செலுத்தி, மீண்டும் வெளியே எடுத்துக் காட்டினார். ஏறத்தாழ 95 விழுக்காடு திரும்பக் கிடைத்தது. மூன்றில் இரண்டு பங்கைத் தவற விடும் கை, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தைத் திரும்ப எடுக்குமா? பாறையிலிருந்து வரும் நியூட்ரான்கள் கணக்கைக் குழப்பக்கூடும் என்னும் ஐயமும் இருந்தது. தொட்டி இருந்த அறையையே அவர் நீரால் நிரப்பித் தொட்டியை மூழ்கடித்தார். நீர் நியூட்ரான்களைத் தடுத்துவிடும். அந்த நீரில் டேவிஸ் நீந்தி மகிழும் ஒளிப்படம் ஒன்று இன்றும் உள்ளது. சுரங்கத்தின் அடியில், சூரியனைப் பார்க்கும் கருவிக்கு மேலே, நீச்சல் உடையில் ஓர் அறிவியலாளர்!

1970 முதல் மின்துடிப்புகளைப் பிரித்தறியும் புதிய முறை ஒன்று சேர்க்கப்பட்டது. ஆர்கான் தரும் துடிப்பு வேகமாக எழும். மற்றக் கதிரியக்கங்கள் தரும் துடிப்பு பெரும்பாலும் மெதுவாக எழும். இதனால் பொய்யான துடிப்புகள் விலக்கப்பட்டன. எண்ணிக்கை இன்னும் தெளிவாயிற்று. ஆனால், மாறவில்லை.

ஆண்டுகள் உருண்டன. இரண்டு மாதத்திற்கு ஒரு முறை ஆர்கானை எடுப்பது, எண்ணுவது, குறித்துக்கொள்வது என்று அதே வேலை. பாகாலும் தம் கணக்கைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார். சூரியனின் வெப்பநிலை, அடர்த்தி, அணுக்கரு வினைகளின் வேகம் என ஒவ்வோர் எண்ணும் திருத்தப்பட்டது. கணக்கும் அசையவில்லை, அளவீடும் அசையவில்லை. ஒருவர் சொல்வது சரியென்றால் மற்றவர் சொல்வது தவறாகத்தான் இருக்க வேண்டும் என்று உலகம் நினைத்தது. ஆயினும் இருவரும் நண்பர்களாகவே நீடித்தனர். அறிவியல் வரலாற்றில் இது அடிக்கடி காணக்கூடிய காட்சியன்று.

உண்மையில், விடை 1969-இலேயே முன்வைக்கப்பட்டிருந்தது. குளோரின் முறையை முதலில் முன்மொழிந்த அதே பொன்டெகொர்வோ, விளாதிமிர் கிரிபோவ் என்பவருடன் சேர்ந்து ஒரு கருத்தை வெளியிட்டார். நியூட்ரினோவில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. சூரியன் உருவாக்குவது எலக்ட்ரான் நியூட்ரினோ. அது பூமிக்கு வருவதற்குள் வேறு வகையாக மாறிவிட்டால், குளோரினுக்கு அது தெரியாது. இதை இப்படி விளக்கலாம். முப்பது மாணவர்கள் வெள்ளைச் சட்டை அணிந்து பேருந்தில் ஏறுகின்றனர். வழியில் இருபது பேர் வேறு நிறச் சட்டைக்கு மாறிவிடுகின்றனர். பள்ளி வாசலில் நிற்பவருக்கு வெள்ளைச் சட்டையை மட்டுமே எண்ணத் தெரியும். அவர் பத்துப் பேர் வந்தனர் என்று எழுதுவார். ஏற்றிவிட்டவரின் கணக்கும் சரி. வாசலில் நின்றவரின் எண்ணிக்கையும் சரி. ஆனால், இவ்வாறு மாற வேண்டுமானால் நியூட்ரினோவுக்கு நிறை இருக்க வேண்டும். அதற்கு நிறையே இல்லை என்பதுதான் அன்றைய இயற்பியலின் கொள்கை. எனவே, அந்த விளக்கத்தை நீண்ட காலம் பலர் பொருட்படுத்தவில்லை.

1984-இல் டேவிஸ் புரூக்ஹேவனிலிருந்து ஓய்வு பெற்றார். அங்கே அவர் பணியாற்றியது 36 ஆண்டுகள். எழுபது வயதை எட்டியவர் வீட்டில் இருந்திருக்கலாம். தாமே கட்டிய மரப் படகில் பாய் விரித்துக் கடலில் உலா வந்திருக்கலாம். படகோட்டுவது அவருக்கும் அவருடைய குடும்பத்தாருக்கும் மிகவும் பிடித்த பொழுதுபோக்கு. ஆனால், சோதனை முடியவில்லையே. அவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பேராசிரியராகச் சேர்ந்து, ஹோம்ஸ்டேக் பணியைத் தொடர்ந்தார். அந்த ஆண்டுகளில் தொட்டியின் பம்புகள் பழுதடைந்தன. எண்ணும் வேலை சில காலம் நின்று, மீண்டும் தொடங்கியது.

இதற்கிடையே ஜப்பானில் கமியோகா என்னும் சுரங்கத்தில் மாசாதோஷி கோஷிபாவின் குழுவினர் முற்றிலும் வேறுபட்ட கருவி ஒன்றை அமைத்திருந்தனர். அது நீர் நிறைந்த தொட்டி. நியூட்ரினோ நீரில் எலக்ட்ரானை மோதித் தள்ளும்போது மெல்லிய ஒளி தோன்றும். அந்த ஒளியைச் சுவரெங்கும் பதித்த உணர்கருவிகள் பிடித்துவிடும். 1987 பிப்ரவரியில், வெகுதொலைவில் வெடித்துச் சிதறிய விண்மீன் ஒன்றிலிருந்து வந்த நியூட்ரினோக்களை அக்கருவி பதிவு செய்தது. அடுத்த சில ஆண்டுகளில் சூரிய நியூட்ரினோக்களையும் அது அளந்தது. அவை சூரியன் இருக்கும் திசையிலிருந்துதான் வருகின்றன என்பதையும் காட்டியது. அங்கும் எண்ணிக்கை குறைவே. பிறகு இத்தாலியிலும் ரஷ்யாவிலும் காலியம் என்னும் உலோகத்தைக் கொண்டு செய்யப்பட்ட சோதனைகளிலும் பற்றாக்குறை தென்பட்டது. டேவிஸ் தவறு செய்தார் என்று சொல்வது இனி எளிதாக இருக்கவில்லை. இருபது ஆண்டுகளாக அவர் ஒருவரே சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது நான்கு கருவிகள் சொல்லின.

1998-இல் ஹோம்ஸ்டேக் சோதனையின் முழு முடிவும் வெளியிடப்பட்டது. 108 முறை ஆர்கான் பிரித்தெடுக்கப்பட்டிருந்தது. இத்தனை ஆண்டுகளில் பிடிபட்ட சூரிய நியூட்ரினோக்கள் ஏறத்தாழ 2,000. எதிர்பார்ப்பில் மூன்றில் ஒரு பங்கு. அதே ஆண்டில் ஜப்பானின் புதிய பெரிய கருவியான சூப்பர் கமியோகாண்டே, காற்று மண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோக்கள் வகை மாறுகின்றன என்பதற்கு வலுவான சான்றை அளித்தது.

இறுதி விடை கனடாவிலிருந்து வந்தது. சட்பரி நகருக்கு அருகில் உள்ள நிக்கல் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில், 1,000 டன் கனநீர் நிரம்பிய கருவி ஒன்று நிறுவப்பட்டிருந்தது. அது எலக்ட்ரான் நியூட்ரினோக்களைத் தனியாகவும், எல்லா வகைகளையும் சேர்த்தும் எண்ண வல்லது. வாசலில் நிற்பவருக்கு எல்லா நிறச் சட்டைகளையும் எண்ணக் கற்றுக்கொடுத்தது போல! 2001-இலும் 2002-இலும் அதன் முடிவுகள் வெளிவந்தன. எல்லா வகைகளையும் கூட்டினால் பாகாலின் கணக்கோடு பொருந்தியது. எலக்ட்ரான் வகை மட்டும் என்றால் மூன்றில் ஒரு பங்கு. டேவிஸ் சரியாக எண்ணியிருந்தார். பாகாலும் சரியாகக் கணக்கிட்டிருந்தார். தவறாக இருந்தது, நியூட்ரினோவுக்கு நிறை இல்லை என்னும் கொள்கை.

2002 அக்டோபரில் இயற்பியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. பரிசில் ஒரு பாதி டேவிஸுக்கும் கோஷிபாவுக்கும். மறுபாதி எக்ஸ்-கதிர் வானியலை வளர்த்த ரிக்கார்டோ ஜியாக்கோனிக்கு. பரிசைப் பெற்றபோது டேவிஸின் வயது 88. பாகாலுக்குப் பரிசில் இடம் கிடைக்கவில்லை. அது முறையா என்னும் கேள்வியை இயற்பியலாளர் சிலர் இன்றும் எழுப்புகின்றனர். தொட்டியில் எண்ணிய எண்ணுக்குப் பொருள் தந்தது தாளில் இருந்த கணக்கு அல்லவா? அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு.

பரிசு தாமதமாக வந்தது. அதற்குள் டேவிஸை மறதி நோய் பற்றியிருந்தது. ஸ்டாக்ஹோமில் நிகழ்த்த வேண்டிய நோபல் உரையை, தாமும் ஓர் அறிவியலாளரான அவருடைய மகன் அவர் சார்பில் வழங்கினார். முப்பதாண்டுக் காலச் சிக்கலில் டேவிஸ் தம் சோதனையிலும் பிழை காணவில்லை, பாகாலும் தம் கணக்கில் பிழை காணவில்லை என்று அவ்வுரை குறிப்பிட்டது. 2006 மே 31-ஆம் நாள், லாங் ஐலண்டில், டேவிஸ் காலமானார். நூலகத்திற்குச் சென்று தேடும்படி சொல்லப்பட்ட நாளிலிருந்து 58 ஆண்டுகள் கடந்திருந்தன.

ஹோம்ஸ்டேக்கில் இப்போது தங்கம் எடுப்பதில்லை. சுரங்கம் ஓர் ஆய்வுக்கூடமாகிவிட்டது. டேவிஸின் இரும்புத் தொட்டி அகற்றப்பட்டு, அவர் நீந்திய அறை விரிவுபடுத்தப்பட்டது. அந்த அறைக்கு அவருடைய பெயரையே வைத்திருக்கிறார்கள். அங்கே இன்று செனான் என்னும் திரவம் நிரம்பிய கருவி ஒன்று, கரும்பொருள் என்று அழைக்கப்படும் வேறொரு மர்மத் துகளைத் தேடிக்கொண்டிருக்கிறது. இதுவரை ஒன்றும் அகப்படவில்லை.